கம்ப்ளைண்ட் புக்

2015இல் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து கொட்டிய மழையைக் காஞ்சிபுரம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெருத்தெருவாகத் தறிகள் நின்றுபோயின. குழித்தறி தரைக்குக் கீழே கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. குழியில் ஒருமுறை நீர் ஊற ஆரம்பித்தால் இறைக்க இறைக்க ஊறும். அந்த மழையில், நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரருடைய தறியில் ஒரு பட்டுச் சேலை கெட்டது. மழைதான் கெடுத்தது என்று அவர் நம்பினார். தெருவும் நம்பியது. நான் நம்பவில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஏனாத்தூரில் நாங்கள் குடியிருப்பது நீளமான ஓட்டு வீடு. நடுவில் சுவர் எழுப்பி நீளவாக்கில் இரண்டாக்கியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரும் அவர் தறியும். இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் குளியலறைக் குழாய் அந்தச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அந்தப் புரட்டாசியில், மழைக்கு ரொம்ப முன்பே, சுவரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம் தெரிந்தது. நாலு நாளில் அது முறத்தளவு ஆனது. பைப் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும். நான் ஒரு கல்லூரியில் பரிசோதனைக்கூட உதவியாளன். குழாய், வால்வு, வாஷர் எல்லாம் என் கையில் புழங்குகிற சாமான்கள்.

நான் செய்தது இதுதான். ஒரு துண்டுத் தாள் எடுத்தேன். ‘பாத்ரூம் பைப் லீக். சுவர் ஈரம். கைண்ட்லி அட்டெண்ட்’ என்று எழுதினேன். தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். வாசலில் பிளஸ் டூ புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் மகனிடம், “அப்பாகிட்ட கொடுத்துடுப்பா” என்று கொடுத்தேன். என் வேலை முடிந்தது என்று நிம்மதியாக உள்ளே வந்தேன்.

“போய்ச் சொல்லிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“எழுதிக் கொடுத்தீங்களா? சுவத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நெய்துக்கிட்டிருக்கிற மனுஷனுக்கா?”

அவள் இந்தப் பக்கத்து ஐயம்பேட்டைக்காரி. அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு அதில் விளங்காத விஷயம் எதுவும் இருப்பதாகவே அன்றைக்குத் தோன்றவில்லை.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கத்தில், ஒரு லைன் வீட்டில். லைன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைகள். அந்த அறை எங்களுடையது இல்லை, தங்கச் சுரங்கக் கம்பெனியுடையது. கதவு கம்பெனியுடையது, தாழ்ப்பாள் கம்பெனியுடையது, தெருக் குழாய், சாக்கடை, ஆஸ்பத்திரி, நேரத்தைச் சொல்கிற சங்கு எல்லாம் கம்பெனியுடையது. ஓடு உடைந்தாலும் பல்பு போனாலும் நாம் கை வைக்கக்கூடாது. எங்கள் லைனுக்கான ஆபீசில் ஒரு நீள நோட்டு இருக்கும், மேஜைக்காலோடு சணல் கயிற்றில் கட்டி. பக்கத்தில் ஒரு காப்பியிங் பென்சில். அதுதான் கம்ப்ளைண்ட் புக். அதில் எழுதிவிட்டு வந்தால் ஒரு நாள் ஆள் வருவார். எந்த நாள் என்பது நம் கணக்கில் இல்லை. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ‘கைண்ட்லி அட்டெண்ட்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் தமிழ் எழுத்தில் அழகாக எழுதுவார். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் இங்கிலீஷும் அதுதான்.

இதைச் சொன்னால் கம்பெனியைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஆள் பெரும்பாலும் வந்தார். ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. என் அத்தைக்கு நடந்த இரண்டு பிரசவமும் அங்கேதான். கெடுதல் வேறு இடத்தில் இருந்தது. எந்தக் குறையையும் ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்லத் தேவையில்லாமல் நாங்கள் வளர்ந்தோம். நோட்டுக்குச் சொன்னால் போதும். நோட்டு கோபித்துக்கொள்ளாது, எதிர்க்கேள்வி கேட்காது.

தங்கவயலைச் சினிமாவில் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2018இல் ‘கே.ஜி.எஃப்’ படம் வந்த பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே “ராக்கி பாய் ஊரா?” என்று கேட்கிறார்கள். அதனால் அந்த மூன்று எழுத்தைச் சொல்வதையே விட்டுவிட்டேன். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி வந்த பிறகு ஏற்பட்ட ஊர் அது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் தகரச் சுரங்கங்கள் நொடித்தபோது அங்கிருந்து சுரங்கம் தெரிந்த வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் ஊர்க்கொடுமைக்கும் தப்பி எங்கள் ஆட்கள் போனார்கள். என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து போனவர். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று துரைமார் பெயரில் கடைவீதி. உரிகம், மாரிக்குப்பம், கோரமண்டல் என்று ரயில் நிற்கும் இடங்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருவுக்கே விளக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். இதை எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். லைன் வீட்டுக்குள் அந்த விளக்கு எரிய எத்தனை காலம் ஆயிற்று என்பதை மட்டும் சொல்ல மாட்டோம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அத்தனை ஆழத்தில் கல்லை எடுத்துவிட்டால் மேலிருக்கும் பாறை சும்மா இருக்காது. திடீரென்று வெடித்துச் சிதறும். ஏர் பிளாஸ்ட் என்போம். நடுராத்திரியில் ஒரு குலுக்கல். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணு என்று ஒலிக்கும். அம்மா எழுந்து டம்ளரைக் கையால் பிடித்து நிறுத்துவாள். அப்பா ராத்திரி ஷிஃப்ட் என்றால் டம்ளரைப் பிடித்தபடியே நிற்பாள். லைன் முழுக்க ஒவ்வொரு கதவாகத் திறக்கும். யாரும் பேச மாட்டார்கள். ஆபீசுக்குப் போய் யார் என்று கேட்கவும் மாட்டார்கள். சங்கு ஊதி, ஷிஃப்ட் மாறி, ஆள் வீடு வந்து சேர்ந்தால்தான் தெரியும். அந்த மௌனத்தை நான் பொறுமை என்று நினைத்து வளர்ந்தேன்.

ஆனால் எங்கள் ஊரையே ஊமை என்று சொன்னால் அது பொய். 1930இல் தொழிலாளிகளைப் பதிவு செய்யக் கைரேகை எடுக்கக் கம்பெனி கிளம்பியபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். தாத்தா அந்தக் கூட்டத்தில் இருந்தவர். “நான் என்ன திருடனா, ரேகை கொடுக்க?” என்று கேட்டதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார். 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளிகள் செத்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் இறந்த பிறகு அவருடைய ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து ஜி.அப்பாதுரையார் நடத்தினார். பாதாளத்தில் கல் உடைத்துவிட்டு மேலே வந்து பத்திரிகை படித்த ஊர். பேசத் தெரிந்த ஊர். அந்தப் பேச்சு எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது நோட்டுதான். அது ஊரின் குற்றம் இல்லை, இரண்டில் சுலபமானதை நான் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. இப்போது காலையும் மாலையும் கல்லூரி வாசலில் உள்ள கருவியில் விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். தாத்தா பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பாரோ.

கம்பெனி வீடு எங்கள் ஊரில் மட்டும் இருந்ததில்லை. சிகாகோ பக்கத்தில் ரயில் பெட்டி செய்த புல்மன் என்ற முதலாளி தன் தொழிலாளிகளுக்கு ஒரு ஊரே கட்டிக் கொடுத்தார். நல்ல வீடுகள்தான். வியாபாரம் படுத்தபோது கூலியைக் குறைத்தார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் அமெரிக்க ரயில்களையே நிறுத்திய வேலைநிறுத்தம் அங்கிருந்துதான் கிளம்பியது. அதைப் படித்தபோது எனக்குப் பட்டது, கூலி கொடுப்பவனும் வீடு கொடுப்பவனும் ஒருவனாக இருந்தால் சண்டை போடுகிறவன் பாயையும் சுருட்டத் தயாராக வேண்டும் என்பதுதான். அப்பா தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டினார். கூட்டங்களுக்கும் போவார், கடைசி வரிசையில் நிற்பார்.

அப்பா வேலைக்குச் சேர்ந்தது 1962. சுரங்கம் மைசூர் அரசிடமிருந்து மத்திய அரசின் கைக்குப் போன வருஷம். 1972இல் அது பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. போர்டில் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் எங்களுக்கு அது எப்போதும் கம்பெனிதான். 2001 பிப்ரவரி கடைசி நாளோடு மூடினார்கள். 120 வருஷத்தில் 800 டன் போலத் தங்கம் கொடுத்த இடம், கடைசியில் ஒரு டன் கல்லுக்கு நாலு கிராம் கூடத் தேறாத நிலைக்கு வந்திருந்தது. கணக்குப் பார்த்தால் மூடியது நியாயமாகக்கூடத் தெரியலாம். பம்புகளை நிறுத்தியதும் தண்ணீர் ஏறி, அப்பா 38 வருஷம் நடந்த சுரங்கப் பாதைகள் மூழ்கின. மேலே மிஞ்சியது சயனைட் மேடு. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மலைமலையாக நிற்கிறது, மூன்று கோடி டன்னுக்கு மேல் என்கிறார்கள். ஆடிக் காற்றில் அந்த மண் பறந்து வரும். அம்மா சோற்றுப் பானை மேல் ஈரத்துணி போட்டு மூடுவாள். மத்தியானத்துக்குள் துணி சாம்பல் நிறமாகிவிடும். இன்றும் என் தங்கை அதே லைனில் அப்படித்தான் மூடுகிறாள். அவள் கணவர் விடிவதற்கு முன் மாரிக்குப்பம் ரயில் ஏறிப் பெங்களூரு போய், ராத்திரி திரும்புகிறார். அங்கே ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி.

மூடிய பிறகு ஊர் காத்திருந்தது. “மைன்ஸ் திறக்கப் போறாங்களாம்” என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வரும், கோர்ட்டில் எது நடந்தாலும் வரும். அப்பா ஹெல்மெட்டைத் துடைத்து வைப்பார். கழிப்பிடங்களுக்குக் கம்பெனி காலத்து ஏற்பாடே தொடர்ந்தது. சுரங்கம் மூடிப் பத்து வருஷம் ஆன பிறகும் அங்கே மனிதர்கள் கையால் மலம் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அள்ளியவர்கள் எங்கள் லைனுக்கு அடுத்த லைன். நாங்கள் அதைப் பற்றி நோட்டில்கூட எழுதியதில்லை.

அந்த 2001லேயே நான் காஞ்சிபுரம் வந்துவிட்டேன். 28 வயது. கல்லூரி வேலைக்கான படிவத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் ‘பெங்களூரு’ என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. தங்கவயல் என்று சொன்னால் அடுத்த கேள்வி, “மைன்ஸ்லயா? அப்பா என்ன வேலை?” அதற்கடுத்து, “எந்த ஊர்ல இருந்து போனவங்க?” சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரில் சேரிக்காரர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். கோயில் ஊரில் வாடகை வீடு தேடுகிறவனுக்கு அந்தக் கேள்வி வரிசை எங்கே போய் நிற்கும் என்று தெரியும். பெங்களூரு என்று சொன்னால் வரிசை அங்கேயே அறுந்துவிடும்.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் எங்கள் கல்லூரியில் நியூட்ரினோ பற்றிப் பேசினார். 1965இல் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கிற நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் பிடித்தார்கள் என்றார். நான் புரொஜக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். விஞ்ஞானிகள் பெட்டி பெட்டியாகக் கருவி கொண்டுவந்து கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் இறக்கியதை அப்பா எனக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார். “கல்லையும் தாண்டி வர ஒண்ணைப் பிடிக்கப் போறாங்களாம். உங்க வலையில அது மாட்டுமான்னு கேட்டேன், சிரிச்சாங்க” என்பார். ஒரு மாணவி கேட்டாள், “சார், அவ்வளவு ஆழத்துல மனுஷங்க வேலை செஞ்சாங்களா?” பேராசிரியர், “செய்திருக்கிறார்கள்” என்றார். நான் அடுத்த ஸ்லைடை மாற்றினேன்.

அப்பா ஏனாத்தூருக்கு ஒரே ஒரு முறை வந்தார், 2004இல். வந்த இரண்டாம் நாள் வீட்டுக்காரரின் தறிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்துவிட்டார். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, கோர்வைச் சேலை. கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும்; கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. அந்தப் பக்கக் கரை நாடாவை வீட்டுக்காரரின் மனைவி தள்ளிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டுக்குள் சமையலும் தறியும் தூக்கமும் நடப்பதை அப்பா அதிசயமாகப் பார்த்தார்.

“இதுல தங்கம் இருக்கா?” என்று ஜரிகையைக் காட்டிக் கேட்டார்.

வீட்டுக்காரர் ஒரு இழையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். மேலே மஞ்சள் போய் வெள்ளி தெரிந்தது, வெள்ளி பிரிந்து உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது. “சிவப்பு நூல் மேல வெள்ளிக் கம்பி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம் பெரியவரே. சிவப்பு தெரிஞ்சா அசல்.”

அப்பா அந்த இழையை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “38 வருஷம் எடுத்தேன். கல்லுல ஒரு நாளும் கண்ணால பார்த்ததில்ல” என்றார். பொய்யில்லை. கல்லுக்குள் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொடியாகத்தான் இருக்கும். மில்லில் அரைத்துக் கரைத்த பிறகுதான் தங்கம். அந்த இடத்துக்குள் அப்பாவை விட மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் பக்கத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வீட்டுக்காரரிடம் போய், “புக் எங்க இருக்குங்க?” என்று கேட்டார்.

“என்ன புக்?”

“குழாய் ஒழுகுது. எழுதணும்.”

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “எதுக்குப் பெரியவரே எழுதணும்? என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல” என்று எழுந்துவந்து அஞ்சு நிமிஷத்தில் வாஷர் மாற்றிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். கிழவருக்கு இன்னும் கம்பெனி நினைப்பு என்று மனைவியிடம் சொன்னேன். 2007இல் அப்பா போய்விட்டார்.

அதற்கு எட்டு வருஷம் கழித்துத்தான் நான் அந்தத் துண்டுத் தாளை எழுதினேன்.

நாற்பது நாள் ஈரம் பரவியது. குளிக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். “எழுதிக் கொடுத்தாச்சு, ஆள் வருவாங்க” என்று மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு மழை பிடித்தது. ஒரு காலை சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்காரரின் மனைவி வந்து, “அக்கா, இங்க வந்து பாருங்களேன்” என்று என் மனைவியைக் கூப்பிட்டார். நானும் போனேன். குழியில் முழங்கால் அளவு தண்ணீர். சுவரில் பூசிய நீலச் சுண்ணாம்பு ஊறிக் கரைந்து, நெய்து சுருட்டிய பகுதியில் ஒரு கையகலத்துக்கு இறங்கியிருந்தது. வெங்காயத்தோல் நிறப் பட்டில் நீலத் திட்டு. ஜரிகை அங்கங்கே கறுத்திருந்தது. முந்தானை மட்டும்தான் பாக்கி; இன்னும் நாலு நாளில் அறுத்திருக்கலாம்.

“மழை ஈரம் சார். என்ன பண்றது” என்றார் வீட்டுக்காரர்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. “ஆமா, என்ன மழை” என்றேன். அந்த மூன்று சொற்களை இன்று வரை என்னால் விழுங்க முடியவில்லை.

பட்டு கொடுத்த முதலாளி சேலையை எடுத்துக்கொண்டார், கூலியில் நாலாயிரம் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் தை வரை தறியில் உட்காரவில்லை. மார்கழியில் மழை விட்டதும் குழியைத் தோண்டி, புது மண் போட்டுக் கெட்டித்து, சுற்றிலும் செங்கல் வைத்துப் பூசினார். கடன் வாங்கித்தான் செய்தார். நான் கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் மண் சுமப்பதைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடமாட நின்று சட்டியும் தூக்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

தை பிறந்தது. வானம் வெளுத்தது. குழியில் மறுபடி தண்ணீர். வீட்டுக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிளம்பரைக் கூட்டிவந்தார், சுவரை உடைத்தார்கள், அரை மணியில் விரிசல் தெரிந்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து, பையன் பரீட்சைக்காகப் புத்தகங்களை எடுத்து அடுக்கியபோது வேதியியல் புத்தகத்துக்குள்ளிருந்து என் தாள் விழுந்திருக்கிறது.

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். தாளை நீட்டினார்.

“இது உங்க கையெழுத்தா சார்?”

“ஆமாங்க.”

“தேதி போட்டிருக்கீங்க.”

ஆமாம், போட்டிருந்தேன். 28.9.2015. நோட்டில் எழுதினால் தேதி போடாமல் வரக்கூடாது என்பது அப்பா பாடம். பின்னால் கேள்வி வந்தால் நம் பக்கம் சாட்சி இருக்க வேண்டும்.

“பையன் மறந்துட்டான், அது அவன் தப்பு. அவனை அடிச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே சார் இருந்தேன்? தறிச் சத்தம் நின்னா நான் வீட்டுல இல்ல, கேட்டா இருக்கேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே.”

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். எதிரே ஒரு முகம் நின்று கேட்டது. பதில் எழுத அங்கே நோட்டு எதுவும் இல்லை. மழையன்றே எனக்குத் தெரியும் என்பதையும் அப்போது சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் பாதிப் பழி பையன் தலையிலேயே கிடந்திருக்கும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பதினைந்தாயிரம் கொண்டுபோய் நீட்டினேன். எண்ணினார். நாலாயிரத்தை எடுத்துக்கொண்டார். “கூலியில பிடிச்சது இவ்வளவுதான்” என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தார். குழிக்கு ஆன செலவு, தறி நின்ற நாட்கள் எதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. அதன் பிறகு வைகாசி வரை எங்கள் பக்கம் அவர் வரவில்லை. வாடகையைப் பையன் வந்து வாங்கிப்போனான். என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

வைகாசியில் ஒரு மத்தியானம், கல்லூரி விடுமுறை, நானே போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா உட்கார்ந்த அதே இடம். யாரும் கேட்காமலேயே தங்கவயல் என்று ஆரம்பித்தேன். லைன், சங்கு, ஏர் பிளாஸ்ட், மேஜைக்காலில் கட்டிய நோட்டு. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயில் வந்தது இதெல்லாம். அவர் நெய்வதை நிறுத்தவில்லை. நோட்டைப் பற்றிச் சொன்னதும் திரும்பினார்.

“அதான் பெரியவர் புக் கேட்டாரா?”

பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவருக்கு நினைவிருந்தது.

“அப்ப நீங்க பெங்களூரு இல்லையா?”

“இல்லைங்க.”

“தாத்தா எந்த ஊர்ல இருந்து போனாரு?”

வரிசை அங்கேதான் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். குடியாத்தம் பக்கம் என்றேன். எந்தத் தெரு என்றும் சொன்னேன். அவர் கை கொஞ்சம் நின்றது. அது எதற்காக நின்றது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு நாடா அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. அடுத்த மாத வாடகையை வாங்க அவரே வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

தங்கவயலுக்கு வருஷத்துக்கு ஒரு முறை போகிறேன். காட்பாடியில் ரயில் ஏறிப் பங்காருபேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம். போன முறை தங்கை வீட்டில் தெருக்குழாயின் அடியில் பாசி பிடித்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “எத்தனை நாளா?” என்றேன். “யாராவது வருவாங்கண்ணா” என்றாள். கம்பெனி மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மச்சானுடைய சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டிவிட்டு வந்தேன். எத்தனை நாள் நின்றதோ.

இங்கே ஏனாத்தூரில் நேற்று முன்தினம் எங்கள் சமையல்கட்டுக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. சுவரைத் தட்டி, “குழாய் சொட்டுதுங்க, நானே பார்க்கிறேன்” என்று குரல் கொடுத்தேன். “சரிங்க சார், மெயின் வால்வை மூடிக்கோங்க” என்று தறிச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. மூட மறந்துவிட்டேன். தண்ணீர் முகத்தில் அடித்து, சட்டை நனைந்து, வாஷரைத் தலைகீழாக மாட்டி, மறுபடி கழற்றி மாட்டினேன். இன்னும் சொட்டுகிறது, நிமிஷத்துக்கு இரண்டு மூன்று. அடியில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடைக்குப் போய் அரை இஞ்ச் வாஷர் இன்னொன்று வாங்க வேண்டும்.